டாலி கீரையைத் தொடாதது அடமில்லை, கண்ணு

நீ கேட்டதைச் சுருக்கினால் இதுதான். வீடு தமிழக-கேரள எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம். உன் முயல் டாலிக்கு 8 மாதம், எடை 2 கிலோ. பொள்ளாச்சியில் ஒரு கடையில் வாங்கினீர்கள். கடையில் விற்கும் முயல் தீவனக் குச்சியான பெல்லட், கேரட், உன் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கொடுக்கும் டீ பிஸ்கட், இந்த மூன்றைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. அரைக்கீரை, பாலக், முட்டைகோஸ் மூன்றையும் நறுக்கிக் கலந்து வைத்தாய். மோந்து பார்த்துவிட்டுத் தட்டையே தள்ளிவிட்டுப் போய்விட்டாள். "ரெண்டு நாள் பட்டினி போடு, பசிச்சா தானாத் திங்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். போடலாமா அக்கா என்று கேட்டிருக்கிறாய்.

போடாதே. மீதியைச் சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம், இதை மட்டும் இப்போதே மனசில் வை.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் 14 வருஷமாக முயல் வளர்க்கிறேன். முதன்முதலில் வந்த ஆண் முயலை இந்தப் பட்டினி யோசனையால்தான் இழந்தேன். ஆட்டுக்குட்டியைப் பழக்குவது போல இதையும் பழக்கலாம் என்று நினைத்தேன். ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் பகல் என்று வெறும் கீரையை மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அது கீரையையும் தொடவில்லை, மனசு கேட்காமல் நான் வைத்த பெல்லட்டையும் தொடவில்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. முயல் வலியில் அப்படிக் கடிக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரியே போய்விட்டது.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். நார் உள்ளே வர வர, அது முன்னால் இருப்பதைத் தள்ளும். வருவது நின்றால் தள்ளுவதும் நிற்கும், உள்ளே வாயு கட்டும், வலி வரும், வலி வந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் சுணங்கும். வாந்தி எடுத்து வெளியேற்றவும் முயலால் முடியாது. கொழுத்த முயலாக இருந்தால் பட்டினியில் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதையும் கெடுக்கும். அதனால்தான் 12 மணி நேரம் ஒரு முயல் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடச் சொல்கிறேன்.

கீரைக்கு வருவதற்கு முன் டாலியின் வாயைப் பார். முயலுக்கு 28 பல். எல்லாமே சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். பெல்லட்டும் பிஸ்கட்டும் மட்டும் தின்று வளர்ந்த முயலுக்குக் கடைவாய்ப் பல் ஓரத்தில் முள் மாதிரி கூர் வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்தும். அப்படிப்பட்ட முயல் பெல்லட்டை நொறுக்கி விழுங்கிவிடும், நீளமான இலையை மெல்லத்தான் வலிக்கும். பார்ப்பவர்களுக்கு அது வீம்பு பிடிப்பது போலத் தெரியும். தாடைக்கீழ் ஈரமாக இருக்கிறதா, இலையை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறதா, தாடையைத் தடவினால் ஒரு பக்கம் சிலிர்த்து விலகுகிறதா என்று கவனி. ஏதாவது ஒன்று இருந்தாலும் கடைவாய்ப் பல்லை உள்ளே விளக்கடித்துப் பார்க்கும் டாக்டர் வேண்டும். முயலைப் பார்த்துப் பழகிய டாக்டர் பக்கத்தில் இல்லையென்றால் உனக்கு உடுமலை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேரளப் பக்கம் என்றால் மண்ணுத்தி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கிற அமாக்சிசிலின் மாதிரி மருந்தை நீயாக வாங்கி வாயில் ஊற்றிவிடாதே. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அது அழித்துவிடும், முயல் பிழைக்காது.

வெயிலும் ஒரு காரணம். நம் பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் வெயில் எப்படி என்று உனக்கே தெரியும். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்கு மூச்சு வாங்கும், தீனி குறையும். மத்தியானம் 2 மணிக்குக் கீரை வைத்துவிட்டுத் தின்னவில்லை என்று வருந்தினால் அது டாலியின் குற்றமில்லை. அந்தி சாயும்போதும் விடியும்போதும்தான் முயலுக்கு வாய் திறக்கும். அந்த வேளையில் வை.

பல்லும் சரி, வெயிலும் காரணமில்லை என்றால், இனி நான் சொல்வதுதான் முக்கியம். டாலிக்கு அது சாப்பாடு என்றே தெரியாது.

முயல்குட்டி எதைத் தின்னலாம் என்று தாயிடம்தான் கற்றுக்கொள்கிறது. தாய் வயிற்றில் இருக்கும் 31 நாளில் தாய் தின்ற இலையின் வாசனை குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. பிறந்தபின் பாலில் அதே வாசனை. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, மூன்று நான்கு நிமிஷம் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். போகும்போது கூட்டுக்குள் சில புழுக்கைகளைப் போட்டுவிட்டுப் போகும். குட்டிகள் அதைக் கொறிக்கும். எனக்கு இதை முதலில் பார்த்தபோது அருவருப்பாக இருந்தது. அப்புறம்தான் அது குட்டிகளுக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் முதல் கட்டுச்சோறு என்று புரிந்தது. அம்மா இன்றைக்கு என்ன தின்றாள் என்பது அதில் இருக்கிறது. கூட்டைவிட்டு வெளியே வந்ததும் குட்டி அந்த வாசனையுள்ள இலையைத்தான் தேடிப் போகும்.

உன் டாலியின் அம்மா என்ன தின்றிருப்பாள் என்று யோசி. கம்பிக் கூண்டில் பெல்லட் மட்டும் தின்றவளாகத்தான் இருப்பாள். டாலியை நாலைந்து வாரத்திலேயே பிரித்துக் கடைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். பச்சை இலை என்று ஒன்று இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பழக்கமில்லாத இலையைத் தொடாமல் இருப்பது முயலுக்கு உயிர் காக்கும் குணம், ஏனென்றால் நஞ்சைத் தின்றால் கக்க முடியாது. அப்படிப்பட்ட பிராணியின் முன்னால் மூன்று புது வாசனையை ஒன்றாக நறுக்கிக் கலந்து வைத்தால் அது தட்டைத் தள்ளத்தான் செய்யும். அவள் செய்தது சரி. அம்மா விட்ட பாடத்தை இனி நீ நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

நீ எடுத்த மூன்று கீரையும் பாடத்தைத் தொடங்க ஏற்றவையில்லை. நம் சந்தையில் கட்டுக் கட்டாக வரும் அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, இங்கே சேச்சிமார் சிவப்புச் சீரை என்று வாங்குவது, எல்லாம் ஒரே குடும்பம். அவற்றிலும் பாலக்கிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம், அது அளவு மிஞ்சினால் உடம்புக்கு ஆகாது. நாம் வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் கொஞ்சம் போய்விடும். முயல் பச்சையாகத் தின்கிறது. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் ஒரு தண்டு என்றால் பரவாயில்லை, தினப்படிக்கு ஆகாது. முட்டைகோஸ் சில முயலுக்கு வாயு கட்டும், புதிதாகப் பச்சை தின்னத் தொடங்கும் வயிற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

முருங்கையும் இப்படித்தான். இந்தப் பக்கம் கர்க்கடக மாசம் (நம் ஆடி) முழுக்க முருங்கை இலையைத் தொடமாட்டார்கள். அப்போது அடுத்த வீட்டுச் சேச்சி மரத்தில் ஒடித்ததையெல்லாம் "முயலுக்காச்சு" என்று கொண்டுவந்து போடுவார். அன்போடு கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொண்டு ஒரு முயலுக்கு ஓர் ஈர்க்கு மட்டும் கொடுத்துவிட்டு மீதியை ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை மூன்றிலும் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். மற்றப் பிராணிகள் தேவைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும். முயல் தின்றதில் இருப்பதில் பெரும்பங்கை உடம்புக்குள் இழுத்து, மிச்சத்தைச் சிறுநீரில்தான் கழிக்கும். கூண்டின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினது போலப் படிகிறதென்றால் இந்த இலைகளையும் பெல்லட்டையும் குறைக்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். கவனிக்காமல் விட்டால் மூத்திரப்பையில் கல்லாகிவிடும்.

அப்படியானால் எதில் தொடங்குவது? டாலிக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனை ஒன்று இருக்கிறதே, கேரட். அதுதான் நமக்குக் கிடைத்த வாசல். கேரட் தழைக்கும் கேரட்டின் வாசனை கொஞ்சம் உண்டு. பொள்ளாச்சி மார்க்கெட்டுக்கு வரும் கேரட் பெரும்பாலும் தழை வெட்டித்தான் வரும். காலையில் வேலந்தாவளம் மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் இருந்தால் தழையோடு கிடைக்குமா என்று கேட்கச் சொல். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. கேரட்டின் தலைப்பக்கத்தை ஓர் அங்குலம் வெட்டி, தட்டில் அடி நனையும் அளவு தண்ணீர் விட்டு ஜன்னலோரம் வை. ஒரு வாரம் பத்து நாளில் மெல்லிய தழை வரும். நாளுக்கு ஒரு கேரட் என்று இதுவரை கொடுத்திருந்தால் இப்படி வரிசையாகத் தட்டு வைக்கலாம். முதல் தழையைக் கொடுக்கும்போது கேரட் துண்டைத் தழைமேல் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கொடு. தழை பழகிவிட்டால் அடுத்தது கொத்தமல்லி. இரண்டும் ஒரே குடும்பம், வாசனையில் தூரமில்லை. அங்கிருந்து புதினா, துளசி, முள்ளங்கி இலை, வெந்தயக்கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். செம்பருத்திப் பூவை ஒரு தடவை ருசி பார்த்த முயல் அப்புறம் வேலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

எப்படிக் கொடுப்பது என்பதை என் வெள்ளச்சியை வைத்துச் சொல்கிறேன். வெள்ளச்சியும் டாலி மாதிரி கடையில் வளர்ந்தவள்தான். முதல் நான்கு நாள் நான் அவள் தின்ன வேண்டும் என்று எதிர்பார்க்கவே இல்லை. மறுநாளுக்கான பெல்லட்டை மட்டும் ஒரு டப்பாவில் எடுத்து, உலர்ந்த துணியில் துடைத்த கொத்தமல்லித் தண்டு இரண்டைக் கூடப் போட்டு மூடி வைப்பேன். காலையில் தண்டை எடுத்துவிட்டு வாசனை ஏறிய பெல்லட்டைக் கொடுப்பேன். ஒரு நாளுக்கு வேண்டியதைவிட அதிகமான பெல்லட்டை இப்படி வைக்காதே, ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். நான்கு நாளில் கொத்தமல்லி வாசனை என்றால் வயிறு நிறைகிற வாசனை என்று அவள் மூக்குக்குப் பழகிவிட்டது.

ஐந்தாம் நாளிலிருந்து அந்தி நேரத்தில் ஒரே ஒரு கொத்தமல்லிச் செடி, வேரோடு, முழுசாக. நறுக்கவில்லை. முயலுக்குத் தன் மூக்கு நுனிக்கு நேர் முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. மீசையாலும் உதட்டாலும் தொட்டு, மோந்துதான் இது என்ன என்று முடிவு செய்யும். பொடிப்பொடியாக நறுக்கியதை அப்படித் தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, சீக்கிரம் வாடிக் கெட்டும் போகும். செடியை ஒரு சணல் கயிற்றில் கட்டிக் கம்பியில் அவள் தலை உயரத்துக்குத் தொங்கவிட்டேன். ஆடுகிற ஒன்றைப் பிடித்து இழுக்க முயலுக்கு ஆசை வரும். முதல் இரண்டு நாள் இழுத்துக் கீழே போட்டுவிட்டுப் போனாள். நான் எடுத்துப் போட்டுவிட்டு மறுநாள் வேறு ஒன்றைக் கட்டினேன். இன்னொரு தண்டை அவள் காலைக்கடன் கழிக்கும் மூலையில், காய்ந்த புல்லுக்கு நடுவே செருகி வைத்தேன். முயல் அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டேதான் புல் தின்னும். பதினோராம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் இலை அப்படியே இருக்கிறது, தண்டு மட்டும் பாதியைக் காணோம். தண்டிலிருந்துதான் தொடங்கினாள். டாலி எங்கிருந்து தொடங்குவாள் என்று தெரியாது, அதனால் முழுச் செடியாகக் கொடு.

கூட்டாளி தின்பதைப் பார்த்தாலும் முயல் கற்றுக்கொள்ளும். அதற்காக இன்னொரு முயலை வாங்கி உள்ளே விட்டுவிடாதே, இரண்டும் இரத்தம் வரச் சண்டை போடும். நீ பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தமல்லித் தண்டை மென்று தின். அவள் வந்து உன் வாயை மோந்து பார்ப்பாள். வாயைத் திறந்து இலையைத் திணிப்பது மட்டும் கூடாது. ஒரு தடவை திணித்தால் அந்த வாசனையே அவளுக்குப் பயத்தின் வாசனை ஆகிவிடும்.

அம்மிச்சி பிஸ்கட் கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் மனசு நோகும் என்று எழுதியிருந்தாய். அம்மிச்சியை விலக்காதே கண்ணு, அவர்தான் உனக்குக் கிடைத்த பெரிய உதவி. டாலிக்கு இந்த வீட்டில் யார் கை மேல் நம்பிக்கை அதிகம்? பிஸ்கட் கொடுத்த கை மேல்தான். சாயங்காலம் பிஸ்கட் கொடுக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து, அதே மாதிரிக் கூப்பிட்டு, அம்மிச்சி கையால் கேரட் தழையை நீட்டட்டும். ஒரு வாரத்துக்குப் பிஸ்கட்டில் கடுகளவு நுணுக்கித் தழைமேல் தூவிக்கொள்ளலாம், பிறகு அதுவும் வேண்டாம். மாவும் சர்க்கரையும் போய்ப் புளித்தால் முயல் குடலில் கெட்ட கிருமிகள் பெருகும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல். வயசானவர்கள் காரணம் சொன்னால் கேட்பார்கள்.

பெல்லட்டை ஒரேயடியாக நிறுத்தாதே. அளந்து கொடு. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும், டாலிக்கு 50 கிராம். இப்போது கிண்ணம் நிறையக் கொட்டி வைக்கிறாய் என்றால், மூன்று வாரத்தில் படிப்படியாக அந்த அளவுக்குக் கொண்டுவா. வாரம் ஒரு தடவை கூடையில் உட்காரவைத்து எடை போட்டு எழுதி வை. ஒரு வாரத்தில் 100 கிராமுக்கு மேல் இறங்கினால் குறைப்பதை நிறுத்திவிட்டு என்ன காரணம் என்று பார். கேரட் இனிப்புப் பண்டம் மாதிரி, சுண்டுவிரல் நுனி அளவு துண்டு ஒரு நாளைக்கு. பெல்லட் தீர்ந்துபோனால் கோழித்தீவனத்தைப் போட்டுச் சமாளிக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு, அது ஆபத்து: கோழிக்குச் சேர்க்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கீரை பழகிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. முயலின் தீனியில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்க வேண்டும். உன் கடிதத்தில் புல் என்ற சொல்லே இல்லை. ஆன்லைனில் டிமோத்தி என்று விற்கும் காய்ந்த புல் நல்லதுதான், விலைதான் கட்டுப்படியாகாது. நமக்கு அருகம்புல் இருக்கிறது, கினியாப்புல் இருக்கிறது. பால் சொசைட்டிக்கு ஊற்றும் யார் வீட்டிலும் கேட்டால் ஒரு கை அறுத்துத் தருவார்கள். பச்சையாகவும் கொடு, நிழலில் உலர்த்தியும் வை. வைக்கோல் கீழே விரிக்க நல்லது, கொறிக்கலாம், அதில் சத்துக் குறைவு. காய்ந்த கடலைக்கொடி ருசியாக இருக்கும் என்று விரும்பித் தின்னும். துளி பூசணம் கூட இல்லாததாகப் பார்த்து எப்போதாவது ஒரு கொத்து. தென்னந்தோப்பில் அறுத்த புல் என்றால் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்கு. கேட்க வெட்கப்படாதே.

பெயரில் முயல் இருக்கிறதே என்று நம்பிக் கொடுத்துவிடாமல் இருக்க இரண்டு செடியைச் சொல்கிறேன். முயல் மசால் என்பது தீவனப் பயிர், தாராளமாகக் கொடுக்கலாம். முயல்செவி என்று ஒன்று உண்டு; இங்கே முயல்ச்செவியன் என்பார்கள், தசபுஷ்பம் என்னும் பத்து மங்கலச் செடிகளில் ஒன்று என்று வீட்டு முற்றத்திலேயே வைத்திருப்பார்கள். ஊதாக் குச்சம் போலப் பூக்கும். அதில் கல்லீரலைக் கெடுக்கும் பொருள் இருக்கிறது, கொடுக்க வேண்டாம். மரவள்ளி இலையும் சோளத்தின் இளங்குருத்தும் சயனைடு விஷம். மாடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். சாமி கும்பிட்ட முளைப்பாரியை முயலுக்குப் போடுகிறவர்கள் சோள நாற்றை மட்டும் பிடுங்கிவிட்டுப் போட வேண்டும். அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, சேம்பு இலை, தக்காளி உருளைக்கிழங்குச் செடியின் இலை, வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது. சுபாபுல் இலை ஆடு தின்னும், முயலுக்கு மயிர் கொட்டும்.

"ஈரக்கீரை கொடுத்தா கழியும், முயலுக்குத் தண்ணியே வைக்கக் கூடாது" என்று உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். தண்ணீர் இல்லாமல் எந்தப் பிராணியும் இல்லை. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லியிலிருந்து 150 மில்லி வரை முயல் குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் கேட்கும். கழிச்சல் வருவது ஈரத்தால் இல்லை. மழைக்காலத்தில் கீரைக்கட்டைப் பையிலேயே மூடி வைத்தால் உள்ளே சூடு பிடித்து அழுகும், அதைக் கொடுத்தால் வரும். நேற்றுவரை பெல்லட் மட்டும் தின்ற வயிற்றுக்கு இன்று ஒரு கட்டுக் கீரையைப் போட்டாலும் வரும். அதனால் கீரையை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, நான்கு தடவை அலசி, உதறி, விரித்து வை. புது இலை எதுவானாலும் முதல் நாள் இரண்டு இலை. மறுநாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு நான்கு. மூன்று நாள் சரியாக இருந்தால்தான் அடுத்த இலை. இப்படி இரண்டு மூன்று மாதத்தில் ஐந்தாறு வகை பழகியபின் டாலிக்கு ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடிக் கீரை கணக்கு.

புழுக்கை என்றதும் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் பலர் பாதியில் கீரையை நிறுத்துகிறார்கள். நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, உதிரியாக, உடைத்தால் உள்ளே புல் தூள் தெரியும். இது தவிர, சின்னத் திராட்சைக் குலை மாதிரி, மினுமினுப்பாக, ஒட்டிக்கொண்டு ஒரு வகை வரும். அது கழிச்சல் இல்லை. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பை இருக்கிறது. அதில் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கி வெளியே விடும், முயல் குனிந்து அப்படியே வாங்கித் தின்றுவிடும். அதில்தான் பி வைட்டமினும் புரதமும் இருக்கின்றன, தின்ன விடு. தின்னாமல் தரையில் நிறையக் கிடந்தால் பெல்லட்டோ இனிப்போ அதிகம் என்று பொருள், கீரையின் மேல் பழி போடாதே. தண்ணீராகப் போவது வேறு. அது ஒரு தடவை போனாலும் அன்றைக்கே டாக்டர்.

நாளைக் காலையிலேயே இரண்டு காரியம் செய். கேரட் தலையைத் தட்டில் வை. இன்னொரு பக்கம் பழைய டிரேயிலோ உடைந்த வாளியிலோ மண் போட்டு, மளிகையில் வாங்கிய தனியாவைச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்து, மேலே மண் தூவித் தண்ணீர் தெளி. முளைக்க எட்டுப் பத்து நாள் ஆகும். அதுவரை கடைக் கொத்தமல்லியில் டப்பா வாசனையைத் தொடங்கிவிடு. டிரேயில் விரல் உயரம் வந்ததும் டிரேயோடு தூக்கி அந்தி நேரம் டாலி பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார். தின்றாளா, மண்ணைப் பறித்தாளா, எத்தனையாவது நாள் முதல் கடி கடித்தாள் என்று எனக்கு எழுது கண்ணு. எடை எழுதின தாளையும் படம் எடுத்து அனுப்பு.